திபெத்தின் பழைய குளிரை மண்ணில் படிப்பது எப்படி?

திபெத் பீடபூமியின் வடகிழக்கு ஓரத்தில், சாலை போடவோ சரளை அள்ளவோ மண்ணை வெட்டிய இடங்களில் அந்த வெட்டுச் சுவரை நின்று பார்க்க வேண்டும். கிடையாகப் படிந்த சாம்பல் நிறச் சரளை அடுக்குகளைப் பிளந்துகொண்டு, மேலிருந்து ஒரு பழுப்புப் பட்டை இறங்கியிருக்கும். தலைப்பகுதியில் ஒரு முழம், இரண்டு முழம் அகலம் இருக்கும். கீழே போகப் போக ஒடுங்கி, கத்தி முனைபோல முடியும். விறகு பிளக்கும் ஆப்பை மண்ணில் நட்டு அடித்து இறக்கியது போன்ற வடிவம்.

அது நிற்கும் இடத்தில் இன்று கோடையில் புல் முளைக்கிறது. குளிர்காலத்தில் மேல்மண் உறைந்தாலும், வசந்தம் வந்ததும் முழுக்க உருகிவிடுகிறது. ஆனால் அப்படிப்பட்ட ஆப்பு உருவாக வேண்டுமானால், மண் வருடம் முழுவதும் உறைந்து கிடக்க வேண்டும். அந்த இடத்தில் இன்று இல்லாத ஒரு குளிர் முன்பு இருந்திருக்கிறது. எவ்வளவு குளிர், ஈரக் குளிரா வறட்டுக் குளிரா, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதை அந்தப் பட்டையிலிருந்து வரவழைப்பதுதான் இங்கே விளக்கப்போகும் விஷயம்.

உறைநிலம் என்றால் என்ன?

மண்ணோ பாறையோ தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருந்தால் அது பெர்மாஃப்ராஸ்ட். தமிழில் நிரந்தர உறைநிலம் என்கிறோம். இந்தக் கட்டுரையில் சுருக்கமாக உறைநிலம். கணக்கில் வருவது வெப்பநிலை மட்டுமே. தண்ணீர் இல்லாத காய்ந்த பாறையும் உறைநிலமாக இருக்கலாம். அதன்மேல் கோடையில் உருகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும் ஓர் அடுக்கு உண்டு. திபெத்தில் இந்த மேலடுக்கு பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு மீட்டர் வரை தடிமன் கொண்டது.

துருவப் பகுதிகளுக்கும் சைபீரியா போன்ற வடபுலத்துக்கும் வெளியே பூமியில் மிகப் பெரிய உறைநிலப் பரப்பு இந்தப் பீடபூமியில்தான் இருக்கிறது. இன்றைய கணக்கில் சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர். சைபீரியாவில் மண் உறைவது அட்சரேகையால். திபெத்தில் மண் உறைவது உயரத்தால். கோல்முடிலிருந்து லாசாவுக்கு 2006இல் திறக்கப்பட்ட 1,142 கிலோமீட்டர் ரயில் பாதையில் ஏறத்தாழ பாதித் தூரம் உறைநிலத்தின்மேல் போகிறது. வடக்கிலிருந்து வரும்போது குன்லுன் மலையடிவாரத்தில் சிதாதான் பக்கம் உறைநிலம் தொடங்குகிறது. தெற்கே போகப் போக வெயில் கூடுவதால், உறைநிலத்தின் கீழ் எல்லை மலையில் இன்னும் மேலே ஏறிக்கொள்கிறது.

பனியாறுகள் போதாதா?

பழைய குளிரை அறியப் பனியாறுகள் விட்டுச்சென்ற கற்குவியல்களைப் பார்ப்பது வழக்கம். ஆனால் பனியாறு வளரக் குளிர் மட்டும் போதாது, பனிப்பொழிவும் வேண்டும். வறண்ட பீடபூமியில் கடுங்குளிர் வந்தாலும் பனியாறு சிறுத்தே இருக்கலாம். ஜெர்மன் புவியியலாளர் மத்தியாஸ் கூலே, கடைசிப் பனியுக உச்சத்தில் (சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்) திபெத் முழுவதையும் ஒரே பனிப்போர்வை மூடியிருந்தது என்று நெடுங்காலம் வாதிட்டார். ஷி யாஃபெங் உள்ளிட்ட சீன ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்பது மறுப்பைத்தான். அந்த மறுப்புக்குத் துணை நிற்கும் சான்றுகளில் உறைநில வடிவங்களும் உண்டு. தடித்த பனிப்போர்வைக்கு அடியில் இருக்கும் மண்ணைக் குளிர்காலக் காற்று தொடாது. காற்று தொட்டு, திடீரென்று குளிர்ந்து வெடித்த மண்ணில்தான் ஆப்புகள் பிறக்கின்றன.

ஒரு விரிசல், ஆயிரம் குளிர்காலம்

குளிர்ந்தால் சுருங்கும் குணம் உறைந்த மண்ணுக்கும் உண்டு. பனிக்கட்டி நிறைந்த மண் 10 மீட்டர் நீளத்துக்கு இருக்கிறது, அது 15 டிகிரி குளிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பனிக்கட்டி ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு சுருங்கும். பெருக்கினால் ஏழரை மில்லிமீட்டர். மெதுவாகக் குளிர்ந்தால் மண் அந்த இழுவிசைக்கு நெகிழ்ந்து கொடுத்துவிடும். சில நாட்களுக்குள் சடாரென்று குளிர்ந்தால் நெகிழ நேரமில்லை, மண் வெடிக்கிறது. மேலே விரல் நுழையாத அகலம், ஆனால் ஆழம் பல மீட்டர். மேலிருந்து பார்த்தால் இந்த விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, 10 முதல் 30 மீட்டர் அகலமுள்ள பலகோணக் கட்டங்களாகத் தெரியும். வற்றிய ஏரிப் படுகையின் வெடிப்புக்கோலத்தை பல மடங்கு பெரிதாக்கியதுபோல.

அடுத்து என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வசந்தத்தில் பனி உருகிய நீர் விரிசலுக்குள் வடிகிறது. கீழே மண் இன்னும் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருப்பதால் அந்த நீர் அங்கேயே உறைந்து, மெல்லிய பனித்தகடாக நிற்கிறது. அடுத்த குளிர்காலத்தில் அதே இடம்தான் மறுபடி வெடிக்கும், ஏனெனில் சுற்றியுள்ள மண்ணைவிட அந்தத் தகடு இழுவிசைக்கு இளகிக் கொடுக்கும் இடம். இப்படி ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர், சில சமயம் அதற்குச் சற்று மேல் என்று கூடிக்கூடி ஆப்பு அகலமாகிறது. எல்லா ஆண்டும் வெடிப்பதில்லை. ஆகவே ஒரு மீட்டர் அகலப் பனியாப்புக்குப் பின்னால் ஆயிரம் குளிர்காலமாவது நின்றிருக்க வேண்டும்.

காலநிலை வெப்பமாகி ஆப்பு உருகினால் அந்த இடம் பள்ளமாகிறது. மேலேயும் பக்கங்களிலும் உள்ள மண் சரிந்து அதை நிரப்புகிறது. குத்துவிளக்கு வார்ப்பவர்கள் அச்சுக்குள் இருக்கும் மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் பித்தளையை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே மெழுகின் இடத்தில் பனி, பித்தளையின் இடத்தில் மண். அதனால் இதை ஆப்பு வார்ப்பு என்று சொல்லலாம்.

இன்னொரு வகையும் உண்டு. விரிசல் விழும் நேரத்தில் உருகி வடிய நீர் இல்லாமல், காற்றில் மணல் ஓடிக்கொண்டிருந்தால், விரிசலுக்குள் மணல் கொட்டிவிடும். இது மணல் ஆப்பு. அமெரிக்க நிலவியலாளர் ட்ராய் பெவே 1959இல் அண்டார்டிகாவின் மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளில் இதை விவரித்தார். பனிப்பொழிவு குறைந்த, காற்று ஓயாத, செடி இல்லாத தரைதான் இதற்கு வாகான இடம். ஆகவே ஒரே குளிரில், ஈரம் கிடைத்த இடத்தில் பனியாப்பும் வறண்ட இடத்தில் மணல் ஆப்பும் வளரும். இரண்டையும் பிரித்தறிந்தால் குளிரோடு வறட்சியும் கைக்கு வருகிறது.

வெட்டுச் சுவரில் பிரித்தறிவது இப்படி. முதலில் கரண்டியால் சுவரைச் சுரண்டி நெட்டுக்குத்தாகச் சுத்தம் செய்யுங்கள். நிரப்பு மண் செங்குத்தான மெல்லிய இழைகளாக, ஒரே சீரான மணலாக இருந்து, பக்கத்து அடுக்குகள் ஆப்பை ஒட்டி மேல்நோக்கி வளைந்திருந்தால் அது மணல் ஆப்பு. ஒவ்வொரு இழையும் ஒரு வெடிப்பு. நிரப்பு மண் கலங்கலாக, பெரிய கற்கள் நெட்டுக்குத்தாக நின்றபடி, பக்கத்து அடுக்குகள் சிறுசிறு படிகளாக உடைந்து உள்நோக்கிச் சரிந்திருந்தால் அது பனி உருகி விழுந்த வார்ப்பு. சில ஆப்புகளில் இரண்டு தன்மையும் கலந்திருக்கும். அதைக் கலப்பு என்றே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கமாகத் தள்ளிவிடக் கூடாது.

இந்த வேறுபாட்டைக் கோட்டைவிட்டால் விளைவு பெரியது. மணல் ஆப்பின் நிரப்பு, குளிர் நிலவிய காலத்திலேயே விழுந்தது. அதன் வயது குளிரின் வயது. ஆப்பு வார்ப்பின் நிரப்பு, குளிர் முடிந்து பனி உருகிய பின் விழுந்தது. அதன் வயது வெப்பம் வந்த வயது. வார்ப்பை மணல் ஆப்பு என்று எண்ணி நிரப்பின் வயதை எழுதிவிட்டால், வெப்பமான ஒரு காலத்துக்குக் கடுங்குளிர் என்று பெயர் வைத்துவிடுவோம்.

எத்தனை டிகிரி?

உறைநில வடிவம் தெர்மாமீட்டர் அல்ல. அது ஓர் எல்லைக்கோடு: இதைவிடக் குளிர்ந்திருந்தது என்று மட்டும் சொல்லும். பெவே 1960களில் அலாஸ்காவைக் கொண்டு, பனியாப்பு வளர ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலை −6 முதல் −8 டிகிரி வேண்டும் என்றார். நெடுங்காலம் எல்லோரும் அந்த எண்ணையே எடுத்தாண்டார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அதைத் தளர்த்தின. சரளையில் வெடிப்பு விழ அந்த அளவு குளிர் வேண்டும். நுண்ணிய வண்டலிலும் மக்கு நிறைந்த மண்ணிலும் சில டிகிரி வெப்பம் கூடினாலும் விழும். ஆகவே ஆப்பு எந்த மண்ணில் இருக்கிறது என்று எழுதாத குறிப்பேட்டுக்கு மதிப்பு குறைவு.

ஓர் உதாரணம். சரளையில் ஒரு பனியாப்பு வார்ப்பு இருக்கிறது, அந்த இடத்தின் இன்றைய ஆண்டுச் சராசரி +1 டிகிரி என்று கொள்வோம். எல்லை −6 என்றால், அன்றைய குளிர் இன்றைவிடக் குறைந்தது 7 டிகிரி அதிகம். இதை இன்னொரு வழியிலும் சோதிக்கலாம். உயரம் 100 மீட்டர் கூடினால் காற்று ஏறத்தாழ 0.6 டிகிரி குளிரும். பழைய உறைநிலத்தின் அடையாளம் இன்றைய கீழ் எல்லைக்கு 1,000 மீட்டர் கீழே கிடைத்தால், 6 டிகிரி வேறுபாடு. இரண்டு விடையும் நெருங்கி வந்தால் நம்பிக்கை கூடும். வெகுவாக விலகினால் ஏதோ ஒரு படியில் தவறு இருக்கிறது.

திபெத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். அலாஸ்காவில் சூரியன் தாழ்ந்து நிற்கும். திபெத்திலோ மெல்லிய காற்றுக்குள் உச்சி வெயில் நேராகத் தரையைச் சுடுகிறது. அதனால் தரையின் சராசரி வெப்பநிலை காற்றின் சராசரியைவிடச் சில டிகிரி அதிகம். மறுபுறம், மண்ணைப் போர்த்தி வைக்கும் பனிப்படலம் மெல்லியது என்பதால் குளிர்காலக் குளிர் தடையின்றி இறங்குகிறது. வடக்குச் சரிவும் தெற்குச் சரிவும் ஒரே உயரத்தில் வேறு வேறு தட்பவெப்பத்தில் கிடக்கின்றன. அலாஸ்காவின் எண்ணை அப்படியே தூக்கி இங்கே வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே விடையாக அல்ல, ஒரு வரம்பாக எழுதுவதே நேர்மை.

ஆப்பு போலத் தெரிந்து ஏமாற்றுபவை

திபெத் நிலநடுக்க பூமி. 2001இல் குன்லுன் பிளவில் வந்த 7.8 அளவிலான நிலநடுக்கம் சுமார் 400 கிலோமீட்டருக்குத் தரையைக் கிழித்தது. அத்தகைய கிழிசல்களில் மேல்மண் விழுந்து நிரம்பினால் அதுவும் ஆப்பு போலவே காட்சி தரும். நில அதிர்வில் குழம்பாகிக் கீழிருந்து பீச்சியடித்த மணலோ மேலே போகப் போக ஒடுங்கும், அதாவது ஆப்பைத் தலைகீழாகப் பிடித்ததுபோல. நிலநடுக்கக் கிழிசல் ஒரே திசையில் நீண்டு ஓடும். உறைநில விரிசல் பலகோணமாகச் சுற்றி வரும். எனவே மேலே உள்ள மண்ணை விலக்கித் தரைமட்டத்தில் கோலத்தைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

வேர் மக்கிப் போன துளை உருண்டையாக, கிளை விட்டு இருக்கும். களிமண் காய்ந்து வெடித்த பிளவு ஆழமற்றது. கட்டங்களும் ஒரு மீட்டருக்குள் அடங்கும். மிக அதிகமாக ஏமாற்றுவது பருவ உறைவில் விழும் மண் ஆப்பு: நிரந்தர உறைநிலமே இல்லாமல், கடும் குளிர்காலத்தில் மேல்மண் மட்டும் உறைந்து வெடித்து உருவாவது. அது பொதுவாகச் சிறியது, ஆழம் குறைந்தது. ஒரு மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள, தனியாக நிற்கும் ஓர் ஆப்பை வைத்துப் பழைய உறைநிலம் என்று அறிவிக்காதீர்கள்.

அகலத்தை அளப்பதிலும் ஒரு பொறி. வெட்டுச் சுவர் ஆப்பைக் குறுக்கே சரியாக வெட்டியிருந்தால்தான் அகலம் உண்மையானது. ஆப்பு ஓடும் திசைக்கும் சுவருக்கும் 30 டிகிரி கோணம் மட்டுமே இருந்தால், தெரியும் அகலம் உண்மை அகலத்தைப்போல் இரண்டு மடங்கு. திசைகாட்டியால் இரண்டு திசைகளையும் எடுத்து, தெரியும் அகலத்தை அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் சரியான அகலம் வரும்.

வயது எடுப்பது

பீடபூமியில் மக்கிய தாவரம் குறைவு என்பதால் கார்பன் முறை பல இடங்களில் கைகொடுக்காது. ஏரிப்படிவில் எடுத்தால், சுண்ணாம்பு கலந்த பழைய கார்பன் சேர்ந்து வயதைச் சில நூறிலிருந்து சில ஆயிரம் ஆண்டுகள் வரை கூட்டிக்காட்டும். ஆகவே ஆப்புகளுக்கு ஒளிர்வுக் காலக்கணிப்பே பெரிதும் பயன்படுகிறது. குவார்ட்ஸ் மணல்துகள் புதைந்ததிலிருந்து சுற்றுமண்ணின் கதிர்வீச்சைச் சேமித்து வைக்கும். வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். எனவே ஆய்வகத்தில் அளக்கும் சேமிப்பு, அது கடைசியாக வெயில் கண்ட நாளிலிருந்து கூடியது.

சுத்தம் செய்த சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, இரு வாயையும் அடைத்து, கறுப்பு உறையில் சுற்ற வேண்டும். ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில் திறந்து, இரண்டு நுனியிலும் வெயில் பட்ட மண்ணை ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். ஒதுக்கிய மண்ணையும் தூக்கி எறிவதில்லை. ஈரமும் கதிர்வீச்சும் அளக்க அதுதான் உதவும். ஓர் ஆப்புக்கு ஒரே மாதிரி போதாது. குறைந்தது மூன்று வேண்டும்: ஆப்பு பிளந்த அடுக்கில் ஒன்று, நிரப்பில் ஒன்று, ஆப்பை மூடிக்கிடக்கும் மேலடுக்கில் ஒன்று. முதலாவதற்குப் பின், கடைசிக்கு முன் என்று ஆப்பின் காலம் இரண்டுக்கும் நடுவே அடைபடும்.

தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். வார்ப்புக்குள் சரிந்து விழுந்த மண் வெயிலைக் காணாமலே உள்ளே போயிருக்கலாம். அதன் பழைய சேமிப்பு அழியாததால் வயது கூடுதலாக வரும். ஒவ்வொரு துகளாகத் தனித்தனியே அளந்தால் இது பிடிபடும். இரண்டாவது, ஈரம். மண்ணிடையே உள்ள நீரும் பனியும் கதிர்வீச்சை உறிஞ்சும். இன்று காய்ந்த மண் முன்பு பனி நிறைந்து இருந்திருந்தால், இன்றைய ஈரத்தை வைத்துப் போட்ட கணக்கு வயதைக் குறைத்துக் காட்டும். ஈரம் ஒரு சதவீதம் மாறினால் வயதும் ஏறத்தாழ ஒரு சதவீதம் நகரும்.

மற்ற வடிவங்கள்

கற்களும் பனியும் கலந்து மலைச்சரிவில் மெல்ல ஊரும் கல் பனியாறுகள், உறைநிலம் இருக்கும் இடத்தில்தான் ஓடும். முகப்பு செங்குத்தாக, புதுக்கல் வெளிறித் தெரிந்தால் அது இன்னும் ஓடுகிறது. முகப்பு அமுங்கி, கற்களில் பாசிப்படை ஏறி, புல் முளைத்திருந்தால் உள்ளே பனி போய்விட்டது. அந்த உயரத்தில் முன்பு உறைநிலம் இருந்ததற்கு அது சாட்சி. கல் வளையங்களும் புரண்டு சுருண்ட மண்ணடுக்குகளும் அழகானவை, ஆனால் பருவ உறைவிலும் உருவாகும் என்பதால் தனியாக நம்பத் தகாதவை.

மண்ணுக்குள் பனி திரண்டு தரையைத் தூக்கும் மேடுகள் வேறு வகை. பனி பெரிய கட்டியாகத் திரண்டால் பிங்கோ; குன்லுன் கணவாய் அருகே ஒன்று இருக்கிறது. நுண்மண்ணில் பனி பல மெல்லிய தகடுகளாகத் திரண்டால் லித்தால்சா. லடாக்கின் சாங்தாங்கில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள சோ கார் ஏரிப் படுகையில் அவை உள்ளன. நம் நாட்டுக்குள் இந்தப் பாடத்தைப் படிக்கக் கிடைத்த நல்ல இடம் அது. ஏரி பின்வாங்கி, ஈர வண்டல் குளிருக்குத் திறந்ததும் மேடு எழுகிறது. நடுப்பனி உருகினால் குழிந்து, விளிம்பு வளையமாக மிஞ்சுகிறது. வளையத்துக்குள் தேங்கிய குட்டையின் அடிமட்டப் படிவு, மேடு சரிந்த காலத்தைச் சொல்லும்.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒரு பெருவரைவு கிடைக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுக உச்சத்தில், உறைநிலம் இன்றைய எல்லையைவிட வெகு கீழே இறங்கியிருந்தது. பிறகு பருவமழை வலுத்து வெப்பம் கூடிய காலத்தில் பல இடங்களில் மேலிருந்து உருகியது. கடைசிச் சில ஆயிரம் ஆண்டுகளில் குளிர் ஓரளவு திரும்பி, மண் மறுபடி உறைந்தது.

உறைநிலத்தின் ஓரப் பகுதிகளில் துளையிடும்போது இந்த வரலாறு முழுவதும் ஒரே குழாயில் எழுந்து வருவதுண்டு. மேலே ஓர் உறைந்த தட்டு, நடுவே உறையாத மண், அதற்கும் கீழே மறுபடி உறைந்த தட்டு. கீழ்த்தட்டு பழைய கடுங்குளிரின் மிச்சம், நடுமண் இடைக்கால வெப்பத்தில் உருகியது, மேல்தட்டு பிந்தைய குளிரில் புதிதாக உறைந்தது. துளையிடுபவர் உறையாத மண் வந்ததும் உறைநிலம் இங்கே முடிந்தது என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டால், கீழே கிடக்கும் அந்தப் பழைய தட்டு கணக்கிலேயே வராமல் போய்விடும். ஆகவே வெப்பநிலைக் கம்பியை இறக்கி, உறையாத பகுதிக்கும் கீழே இன்னும் பல மீட்டர் போய்ப் பார்த்த பிறகே துளையை மூட வேண்டும்.